நாகராசு போட்ட எட்டு

விராலிமலை வட்டாரத்தில் பம்ப்செட் வேலைக்கு நாகராசுவை விட்டால் ஆள் கிடையாது. இதை ஊரும் சொல்லும், ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்லிவிடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பன்னிரண்டு வயதில் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினுக்குக் கைப்பிடி சுற்ற ஆரம்பித்தவருக்கு இன்றைக்கு மதுரை ரோட்டில் சொந்தக் கடை, கடைக்கு மேலேயே வீடு, பொறியியல் படித்து திருச்சியில் வேலை பார்க்கிற மகன். இத்தனையும் ஒற்றை ஆளாகச் சம்பாதித்தது. அப்படிப்பட்ட மனிதரை நிறுத்தி, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, ஓட்டிக் காட்டு என்றால் கோபம் வருமா வராதா?

வந்தது. மாசி மாதம் ஒரு நாள் வாகனச் சோதனையில் அவருடைய லைசென்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்த போலீஸ்காரர், அது காலாவதியாகி மூன்று வருடம் ஆகிவிட்டது என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு தடவை அட்டை கொடுத்துவிட்டால் ஆள் சாகிறவரைக்கும் செல்லும் என்று நாகராசு நம்பிக்கொண்டிருந்தார். அட்டையில் தேதி போட்டிருந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அதைப் படிக்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை. கெடு முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டதால் வெறுமனே புதுப்பிக்க முடியாது, மறுபடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குப் போய் எட்டு போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். காலைத் தரையில் ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், எட்டு எழுதுகிற மாதிரி வண்டியை வளைத்து எடுக்க வேண்டும். நாற்பத்தைந்து வருடம் வண்டி ஓட்டிய மனிதருக்குப் பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு வரிசை.

அதுகூடப் பரவாயில்லை. அவர் வைத்திருந்த வண்டிதான் சிக்கல். முந்நூற்றைம்பது சிசி க்ரூசர் பைக். இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

அதை வாங்கப் போன அன்றைக்கே ஷோரூமில் ஒரு அவமானம் நடந்தது. நாகராசு குள்ளம், ஐந்தடி இரண்டங்குலம். டை கட்டிய பையன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேராக ஸ்கூட்டர் பக்கம் கூட்டிப் போனான். அவர் க்ரூசரைக் கை காட்டினார். அது உயரமானவர்களுக்கான வண்டி அங்கிள் என்றான். விற்கிற பொருளைப் பற்றி விற்கிறவனுக்குத் தெரிந்த லட்சணம் அது. நாகராசு போய் ஏறி உட்கார்ந்தார். இரண்டு குதிகாலும் தரையில் சப்பென்று பதிந்தன. மற்ற பெரிய வண்டிகளில் கட்டைவிரல் நுனியில் நின்று தடுமாறுகிறவர், இதில் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். க்ரூசருக்குச் சீட்டைத் தாழ்வாக வைத்து, கால் வைக்கிற கம்பியை முன்னால் தள்ளி, ஹேண்டிலை உயர்த்தி வைத்திருப்பான் கம்பெனிக்காரன். பார்க்கத்தான் பெரிய வண்டி, உட்காருகிறபோது குள்ளனுக்கென்றே செய்தது. பத்து நிமிடத்தில் அது அவருக்குத் தெரிந்தது. பையனுக்கு அன்று சாயங்காலம் வரை தெரிந்திருக்காது.

ஸ்டார்ட் பண்ணிய உடனே அவருக்கு வண்டி பிடித்துவிட்டது. ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் அதிகம், உள்ளே சுற்றுகிற பிளைவீல் கனம். அவர் கைப்பிடி சுற்றிய ஆயில் இன்ஜினும் இதே சாதிதான். அவசரப்படாது, அடியிலிருந்து இழுக்கும், லேசில் அணையாது. நாலாவது கியரிலேயே நார்த்தாமலைப் பக்கத்து மேட்டை முனகாமல் ஏறும். நாலுவழிச் சாலையில் எண்பதில் விட்டால் ரயில் மாதிரி நேராகப் போகும். நூறைத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரியும் அளவுக்கு ஆடும். ஊருக்குள் இருக்கிற வேகத்தடைகளில் வயிற்றை உரசும், பின் ஷாக் அப்சார்பர் இடுப்பைப் பதம் பார்க்கும். குறையே இல்லை என்று நாகராசு பொய் சொல்ல மாட்டார். ஆனால் அதையெல்லாம் சொல்கிற உரிமை ஓட்டுகிறவனுக்குத்தான் என்பது அவர் கட்சி.

மகன் ஆனந்தராஜுக்கு இந்த வண்டி ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அப்பாவின் முட்டி, அப்பாவின் வயது, வண்டியின் எடை என்று வாரத்துக்கு ஒரு காரணம் சொல்வான். லைசென்ஸ் செத்துப்போன சேதி கேட்டதும் திருச்சியிலேயே வண்டியை வாங்கிக்கொள்ள ஒரு ஆளும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொன்னான். சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி செவந்தி, மகன் பக்கம் சாய்ந்து தலையாட்டினாள். நாகராசுக்கு ரோசம் தலைக்கேறியது.

"ரெண்டு தடவை போறேன். ரெண்டுலயும் எட்டு போடலைன்னா சாவியை ஒன் கையில குடுத்துருவேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பேசாம இருப்பீங்களாக்கும்," என்றாள் செவந்தி.

ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்கும் தெரியும். அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் நாகராசு கடன் இல்லாமல், கோர்ட்டுப் படி ஏறாமல் இத்தனை வருடம் தொழில் பண்ணினார்.

மைதானத்துக்கு எதிரே டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற உதயசூரியன் தெரிந்த ஆள். க்ரூசரைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மரத்தடியில் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று தன்னுடைய பழைய நூறு சிசி வண்டியைக் காட்டினான். எட்டு போடுவதற்கென்றே வைத்திருக்கிற வண்டி அது. ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி ஏற்றி வைத்திருந்தான். கிளட்சை விட்டால் போதும், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே முதல் கியரில் நடை வேகத்தில் அதுபாட்டுக்குப் போகும். மேலே உட்கார்ந்திருக்கிறவன் ஹேண்டிலை மட்டும் திருப்பினால் எட்டு விழுந்துவிடும். முந்நூறு பேர் அதில் பாஸாகியிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னான்.

நாகராசு ஸ்குரூவைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இதுல பாஸானது வண்டிதானப்பா. மேல ஒக்காந்திருந்தவனுக்கு எதுக்கு லைசென்ஸ் குடுத்தாக?"

"அண்ணே, ஊரே இப்படித்தான் போடுது. ஒங்க வண்டி அந்தக் கோட்டுக்குள்ள திரும்பாதுண்ணே. அது ரோட்டுக்குச் செஞ்சது, ரவுண்டு அடிக்கச் செஞ்சதில்லை."

"ஓட்டுறது ஒரு வண்டி, பரிச்சைக்கு ஒரு வண்டியா? நாளைக்கு நான் ரோட்டுல போறப்ப ஒன் வண்டியாப்பா எனக்குக் கீழ இருக்கும்?"

கேட்டுவிட்டு விறுவிறுவென்று க்ரூசரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனார். அங்கேதான் தப்பு நடந்தது. கோபத்தோடு ஏறிவிட்டார்.

மோட்டார் வாகன ஆய்வாளர் பிரகதீஸ்வரி என்ற பெண். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வண்டியைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு, ஆரம்பியுங்கள் ஐயா என்றார். வலது வளையம் ஓரளவு ஒழுங்காக வந்தது. இடது பக்கம் திரும்புகிறபோது ஹேண்டில் தானாக உள்ளே விழுந்தது. வண்டி சட்டென்று ஒரு துள்ளு துள்ளியது. நாகராசுவின் இடது கால் மண்ணில் ஊன்றியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சுதான் அவருக்கு நெஞ்சில் தைத்தது. ஏழு நாள் கழித்து வாருங்கள் என்று பிரகதீஸ்வரி தாளில் குறித்தார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் ஆனந்தராஜ் போனில் குத்திப் பேசவில்லை. பரவாயில்லைப்பா என்று மட்டும் சொன்னான். மகன் ஆறுதல் சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டோமே என்று நாகராசுக்கு இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. ஊருக்கு வெளியே கதிரடிக்கிற சிமெண்டுக் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். மைதானத்தின் எட்டை அன்றைக்கே காலடியால் அளந்து வைத்திருந்தார். சுண்ணாம்புத் தூளால் அதே அளவில் கோடு போட்டார். பழுதான மோட்டாரைக் கேட்கிற மாதிரி வண்டியை ஒவ்வொரு பாகமாகக் கேட்டுப் பார்த்தார்.

இந்த வண்டிக்கு, முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கைச் சாய்வாக நீட்டி வைத்திருக்கிறான். இரண்டு சக்கரத்துக்கும் இடையில் தூரம் அதிகம். அதனால்தான் நெடுஞ்சாலையில் கையை விட்டாலும் நேராகப் போகிறது. அதனாலேயே நடை வேகத்தில் ஹேண்டில் ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறது. இரட்டை மாட்டு வண்டிக்குப் பெரிய களம் வேண்டும், ஆட்டுக்குட்டிக்கு ஒரு சாண் போதும். ஆனாலும் முழுக்க ஒடித்தால் கோட்டுக்குள் இடம் இருந்தது. உருட்டிக்கொண்டு போய் அளந்தே பார்த்துவிட்டார். திரும்பாது என்று உதயசூரியன் சொன்னது சுத்தப் பொய். இன்ஜினிலும் குற்றமில்லை. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கில் கால் பெருவிரலை லேசாக வைத்தால், ஐட்லிங்கைத் தொடாமலேயே அது எருமை மாதிரி நடந்தது. அணையவே இல்லை. அந்தக் கனத்த பிளைவீல் எதற்கு இருக்கிறது?

அப்படியானால் துள்ளியது எது? ஒன்பதாவது தடவை இடது பக்கம் திரும்பும்போது அவர் பார்வை தன் வலது கையில் விழுந்தது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தால் வலது பிடி முன்னால் ஓடிவிடுகிறது. கட்டைக் கை எட்டவில்லை. விரல் நுனியால் பிடியைத் தொங்கிப் பிடிக்கிறார். தொங்கிப் பிடித்தால் பிடி தன் பக்கம் திரும்பும், திரும்பினால் ஆக்சிலரேட்டர் கூடும். அவருக்கே தெரியாமல் அவர் கைதான் வண்டியைத் துள்ள வைத்தது.

காலுக்குக் குள்ளனை நினைத்துச் செய்தவன் கைக்கு நினைக்கவில்லை. இது தெரிந்தபோது நாகராசுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஷோரூமுக்குப் போன் போட்டார். ஹேண்டில் கம்பெனி வைத்த அளவு, அதைத் தொடக் கூடாது, கொஞ்ச நாளில் பழகிவிடும் அங்கிள் என்று பதில் வந்தது. ஐந்தடி எட்டங்குலத்துக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு, கையை நீளமாக வளர்த்துக்கொள் என்கிறான். நாகராசு போனை வைத்தார்.

ஹேண்டிலைக் கவ்வியிருப்பது நான்கே போல்ட். ஆலன் கீ போட்டுத் தளர்த்தினார். ஹேண்டிலைத் தன் பக்கம் ஒன்றரை அங்குலம் சுற்றிச் சாய்த்தார். இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டேங்கில் இடிக்கவில்லை, விரல் கடை இடம் இருக்கிறது, ஒயர் எதுவும் இழுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார். கிளட்ச், பிரேக் கைப்பிடிகளையும் மணிக்கட்டுக்குத் தக்கபடி இறக்கினார். போல்ட்டுகளை முன்னும் பின்னும் சமமாக முறுக்கினார். பிறகு ஏறி, சீட்டில் நாலு விரல் முன்னால் தள்ளி உட்கார்ந்து இடது பக்கம் ஒடித்தார். வலது கை முழுசாகப் பிடியில் இருந்தது. வண்டி துள்ளவில்லை. அன்றைக்கு நாற்பது எட்டு போட்டார். மறுநாள் அறுபது.

ஏழாவது நாள் ஆனந்தராஜும் லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தான். தோற்றால் அப்பாவை வண்டி ஓட்ட விடாமல் தானே ஓட்டிக்கொண்டு போவதற்கு. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, கையில் ஹெல்மெட் இருந்தது. உதயசூரியன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, நூறு சிசி இன்றைக்கும் சும்மாத்தான் நிற்கிறது என்று சாடை காட்டினான். நாகராசு திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஏறினார். தள்ளித்தான் வைத்தார், விட்டுவிடவில்லை.

முதல் கியர். கிளட்ச் பாதி. முன் சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்த்தார். வலது வளையம் முடிந்தது. நடுவில் வண்டியை நிமிர்த்தி இடது பக்கம் ஒடித்தார். ஹேண்டில் உள்ளே விழப் பார்த்தது, உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். டப், டப், டப் என்று ஒவ்வொரு அடியும் எண்ணுகிற மாதிரி கேட்டது. பின் சக்கரம் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே வந்தது. கால் இரண்டும் கம்பியிலேயே இருந்தன. ஆரம்பித்த இடத்தில் நிறுத்தி, நியூட்ரல் போட்டு, அதற்கப்புறம்தான் குதிகாலை ஊன்றினார். வரிசையில் இன்றைக்கு யாரும் உச்சுக் கொட்டவில்லை.

பிரகதீஸ்வரி கிட்டே வந்து ஹேண்டிலைப் பார்த்தார். போன வாரம் இவ்வளவு சாய்வாக இல்லையே என்று கேட்டார். நாகராசு சுருக்கமாகச் சொன்னார். சுருக்கமாக என்றால் அவர் கணக்குக்கு. ஆய்வாளர் நான்கு போல்ட்டையும் தொட்டுப் பார்த்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பாஸுங்கய்யா. அஞ்சு வருசத்துக்குச் செல்லும்."

"அஞ்சுதானா?"

"ஒங்க வயசுக்கு அவ்வளவுதாங்கய்யா குடுப்பாங்க. அப்புறம் புதுப்பிக்கணும். இந்தத் தடவை தேதியப் பாத்துக்கங்க."

நாற்பது வருடத்துக்குக் கொடுக்க வேண்டிய மனிதருக்கு ஐந்து வருடம். நாகராசுக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. ஆனால் அந்தப் பெண் சரியாக நடந்துகொண்டவர். அவர் மீது காட்ட மனசு வரவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். காட்டுவதற்கு ஆனந்தராஜ் இருந்தான்.

"அந்தத் திருச்சிக்காரருக்குப் போனப் போடு."

"வீட்டுக்குப் போயி பேசிக்கிறேன்ப்பா."

"இங்கனயே பேசு."

ஆனந்தராஜ் போன் போட்டான். வண்டி கொடுக்கவில்லை சார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். வீட்டில் கொஞ்சம் யோசிக்கிறார்கள் என்று மழுப்பினான். நாகராசு ஒரு அடி கிட்டே வந்தார்.

"யாரும் யோசிக்கல. என்ன காரணமோ அதச் சொல்லு."

ஆனந்தராஜ் அப்பாவைப் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற உதயசூரியனைப் பார்த்தான். பிறகு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

"அப்பா ஓட்டுறாங்க சார்."

"சத்தமாச் சொல்லு, பஸ்ஸு எரைச்சல்ல அவருக்குக் கேட்டுருக்காது," என்றார் நாகராசு.

பஸ் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஆனந்தராஜ் இன்னொரு தடவை, ரோட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி சொன்னான்.