மேற்குச் சுவரைத் திறக்கச் சொன்ன அண்ணன்

எங்கள் அண்ணன் போய் இந்த ஆனியோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலர் போட வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் சொன்னபோது, யார் எழுதுவது என்று பேச்சு வந்தது. மதினிதான் என் பக்கம் திரும்பி, "நீயே எழுதும்மா. எழுதுனா உள்ளத எழுது. பூசி மெழுகாத" என்றார். அண்ணனுக்கு உடன்பிறப்பு நான் ஒருத்திதான். வாய்த்துடுக்குக்காரி என்று ஊரே சொல்லும். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டினால் அது நியாயம்தான்.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில். போடியில் எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய மாதம் அது. ஏலக்காய் வியாபாரத்தில் அப்பாவுக்குக் கை ஓங்கியிருந்த காலம். வீட்டுக்குப் பிளான் போட மதுரையிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட்டை அழைத்து வந்திருந்தார். அந்த மனிதர் வந்தவுடனே காகிதத்தில் கோடு போடவில்லையாம். காலி மனையின் நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, உச்சியில் துணிக் கிழிசலைக் கட்டிவிட்டு, ஆனி, ஆடி இரண்டு மாதமும் காற்றுப் பார்த்தாராம். "வீடு கட்டக் கூப்பிட்டா காத்தாடி விட்டுக்கிட்டுல்ல இருக்காரு" என்று ஊர் அப்பாவைக் கேலி செய்திருக்கிறது.

அப்படிப் பார்த்துக் கட்டியதுதான் எங்கள் பட்டாசாலையின், அதாவது கூடத்தின், மேற்குச் சுவர். ஆள் உயரத்துக்கு மேலே வரிசையாகப் பதினான்கு காற்றுத்துளைகள். ஒவ்வொன்றும் வெளியிலிருந்து உள்ளே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். சாரல் நுழையாது, மலையிலிருந்து இறங்குகிற காற்று மட்டும் நுழையும். எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி நீளமாக ஒரு திறப்பு. வந்த காற்று அதன் வழியே போகும். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், சிவப்புத் தரை. அண்ணன் அந்தத் தரையில்தான் தவழ்ந்தார், படித்தார். அப்பாவைக் கிடத்தியதும் அங்கேதான்.

அப்பா போனபோது அண்ணன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்த மதுரைக்காரரைப் போலத் தானும் வீடு வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டவர். புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலைக்கு ஏறினார். காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்குச் சோலி. விறகுப் புகையிலேயே முப்பது வருசத்துக்கு மேல் நின்றார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்.

ஆறே வருசத்தில் நான் தாலியை இழந்து இரண்டு பெண் குழந்தைகளோடு திரும்பி வந்தேன். அண்ணன் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்து, சாவிக் கொத்தை என் கையில் வைத்தார். "வீட்ட நீயே வச்சு ஆளு தங்கச்சி. அப்பா யாவாரத்தையும் நீயே பாரு. எவன் கேக்குறான்னு பாத்துருவோம்" என்றார். பட்டாசாலையில் பத்துப் பெண்களை உட்கார வைத்துக் காய் தரம் பிரித்தேன். இந்தப் பஜாரில் ஒரு பொம்பளை தனியாக மூட்டை ஏற்றி அனுப்புகிறாள் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேர் எனக்கு உயிராக இருந்தது.

இனிமேல்தான் என் கதை. ஏலக்காய்க்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. காற்றும் வெளிச்சமும் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். அதனால் காய் வைக்கிற அறையை இறுக்கிச் சாத்தியே வைப்போம். நான் அறையோடு நிற்கவில்லை. வீட்டையே ஒரு பெரிய ஏலக்காய் மூட்டையாக நினைத்துவிட்டேன். ஒரு கோடையில் பதினான்கு துளைகளையும் செங்கல் வைத்து அடைத்தேன். மேற்குச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்தேன். எதிர்த் திறப்புக்குத் தகரம். தீபாவளிக்கு வந்த அண்ணன் பட்டாசாலையில் அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "எப்படிண்ணே இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டேன். "சாரமில்ல" என்றார். மலையில் பழகிய மலையாளச் சொல். பரவாயில்லை என்று அர்த்தம். என் குற்றத்துக்கெல்லாம் அவர் சொன்ன ஒரே தீர்ப்பு அதுதான்.

வேலையை விட்டு அண்ணன் கீழே இறங்கியபோது அவருடைய நுரையீரல் பாதிகூடத் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல காற்றோட்டமான இடத்தில் இருக்கச் சொன்னார். அண்ணன் சிரித்தார். "அதுக்குன்னு அளவெடுத்துக் கட்டுன வீடே இருக்கு டாக்டர்" என்றார். பீரோவில் தகரக் குழலுக்குள் கிடந்த பழைய பிளானை எடுத்து விரித்தார். சிலமலையிலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வரவழைத்தார்.

உறவுக்காரர்கள் சிலர், ஆமாம், இதைப் படிக்கிற நீங்கள்தான், "இடிச்சுட்டு வெரசா ஒரு மாடி எழுப்புங்க" என்று யோசனை சொன்னீர்கள். அண்ணன் கேட்கவில்லை. கரண்டு கம்பிக்காகச் சுவரை வெட்ட விடவில்லை. மரச்சட்டம் அடித்து அதன்மேல் சுவருக்கு வெளியே ஓட்டினார். மதினிக்கு முழங்கால் வலி என்று புதுக் குளியலறை தேவைப்பட்டது. அதைப் பின்கட்டுக்கு வெளியே தனியாகக் கட்டி, பழைய சுவரைத் தொடாமல் விட்டார். தரையில் வெடிப்பு விட்ட இடத்தில், பழைய சிவப்பு வரும்வரை ஏழு தடவை கலவை மாற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லப்பா, இன்னுங் கொஞ்சம் மங்கல்" என்பார்.

மேற்குச் சுவரில் சிமெண்டைக் கொஞ்சம் கொத்திப் பார்த்த அன்று, கொத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உத்திரத்தின் முனையை உளியால் தொட்டார். புட்டு மாதிரி உதிர்ந்தது. "அக்கா, ஈரம் வெளிய போக வழியில்லாம மரத்தத் தின்னுருச்சு. இந்தப் பூச்சு யார் சோலி?" என்றார். பின்னாலிருந்து அண்ணன், "அதுக்கு ஒரு கட்டையக் கோத்துருவோம். சாரமில்ல" என்றார்.

துளைகளைத் திறக்க வேண்டுமென்றால், அந்தச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த என் மூட்டைகள் வெளியேற வேண்டும். பஜாரில் ஓர் அறை பிடித்துக்கொள் என்று அண்ணன் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. மூட்டை வீட்டை விட்டுப் போனால் இந்த வீட்டில் நான் யார்? புருசன் இல்லாமல் அண்ணனை அண்டி வந்தவள்தானே? இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் தீர்த்திருப்பார். சொல்லவில்லை. "இந்தக் காய் போகட்டும்ணே" என்றேன். அவரும் மற்ற வேலையெல்லாம் முடித்து, மேற்குச் சுவரைக் கடைசிக்கு வைத்தார். எனக்காக வைத்தார்.

போன ஆனியில் காற்று இறங்கியது. அண்ணன் படுக்கையில் இருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு. செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, காத்து வந்துருச்சு. வெளிய மரம் ஆடுற சத்தங் கேக்குது. பதினாலும் வேணாம். ஒத்த ஓட்டையத் தொறந்து விடுறியா?"

"வெள்ளிக்கெழம லோடு ஏறிரும்ணே. சனிக்கெழம காலைலேயே கொத்தனார வரச் சொல்றேன்."

"சாரமில்ல. நீ சோலியப் பாரு."

வியாழக்கிழமை பகல். நான் பட்டாசாலையில் லோடுக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து மதினி கூப்பிட்டார். "இந்தா வர்றேன்" என்றேன். இரண்டு தையல் மிச்சம் இருந்தது. அதைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணனைக் கிடத்த இடம் வேண்டுமே. மூட்டைகளைத் தூக்கி முற்றத்தில் போட்டார்கள். மறுநாள் பெய்த சாரலில் அத்தனையும் நனைந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. நானும்தான்.

இப்போது பதினான்கும் திறந்திருக்கின்றன. உத்திரத்துக்குப் புதுக் கட்டை கோத்தாயிற்று. வீடு, பிளானில் இருந்தபடியே நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் புகழ்கிறார்கள். காற்று இறங்குகிற வேளையில் நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மதினி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன். கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், தேவாரத்திலிருந்தும் மலையிலிருந்தும் கிடைத்த வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தவர்களுக்கும், ஆண்களுக்குச் சமமாக மூட்டை தூக்கி இடம் ஒதுக்கிய தரம் பிரிக்கும் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சிலமலைக் கொத்தனாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சேதி கேட்டு அன்று பிற்பகல் கையில் சுத்தியலோடு வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. ஏணியைச் சார்த்தி ஏறி, முதல் செங்கலை வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டார். பிறகு அடுத்தது. ஏழாவது துளை திறந்தபோது காற்று வந்தது. அழுதுகொண்டிருந்தவர்களின் முந்தானை பறந்தது. அண்ணன் மேல் போர்த்திய வேட்டியின் ஓரம் எழுந்து எழுந்து படிந்தது. கூட்டத்தில் ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆத்தீ, என்னா காத்து! இப்பேர்ப்பட்ட வீட்டுல இருந்தாரே, குடுத்து வச்ச மனுசன்."

அண்ணனுக்கு மூச்சு நின்று நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.