மழைக்கோட்டுக்குள் சைகோன்

ஐம்பத்தெட்டு வயதுவரை ஊட் என்பவளுக்கு சைகோன் என்றால் அக்காவின் வாய்தான். வருஷப் பிறப்புக்கு ஊர் வரும்போதெல்லாம் அக்கா சின் அந்த நகரத்தைப் பற்றி அளப்பாள். ஊட், தாமரைக் குளத்துச் சேறு காயாத காலோடு நின்று கேட்பாள். போகவேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். குளத்தை யார் பார்ப்பது, படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை யார் பார்ப்பது என்று நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் குளம் இருந்தது.

இப்போது கிளம்ப வைத்தது ஆசை இல்லை. சின்னுக்கு வயிற்றில் கட்டி. இன்று பதினொரு மணிக்கு அறுவை சிகிச்சை. இந்த நாளை விட்டால் அடுத்து மூன்று வாரம் கழித்துத்தான் என்றும், அதுவரை கட்டி காத்திருக்காது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லை, ஒரே மகன் ஜப்பானில். "ஊட் வந்து நான் அவ மூஞ்சியப் பாக்காம உள்ள போகமாட்டேன்" என்று சின் ஒற்றைக்காலில் நின்றாள். சொன்னால் சொன்னதுதான். அவள் பிடிவாதம் சொந்த மாகாணமான டோங் தாப் முழுக்கத் தெரியும்.

விடியுமுன் பஸ் ஏறி, எட்டரைக்கு சைகோனின் மேற்குப் பேருந்து நிலையத்தில் இறங்கினாள் ஊட். கையில் ஒரு பை விரால் கருவாடு. பைக் டாக்சிக்காரன் ஒருவன் ஓடிவந்தான்.

"எங்க சித்தி?"

அவள் ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னாள்.

"அதுவா? கண்ணை மூடிக்கிட்டுப் போவேன், ஏறுங்க."

கண்ணை மூடிக்கொண்டது அவள்தான். முதல் சிக்னல் தாண்டுமுன் வானம் பிளந்தது. அவன் வண்டியை ஓரங்கட்டி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, அதன் பின்பக்கத் துணியைத் தூக்கி, "உள்ள பூந்துக்குங்க" என்றான். பூந்தாள். நாற்பது வருஷம் ஆசைப்பட்ட நகரத்தில் அவள் கண்ணுக்குக் கிடைத்தது ஊதா நிற பிளாஸ்டிக்கும், அவன் முதுகும், கீழே ஓடும் தண்ணீரும், தன் செருப்பும்தான். சைகோன் முழுக்க ஹாரன் சத்தமாக அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கருவாட்டு வாடை வேறு.

செல்போன் அடித்தது.

"எங்கடி இருக்க?"

"தெரியலக்கா."

"சுத்திப் பாத்துச் சொல்லு!"

"மழைக்கோட்டுக்குள்ள இருக்கேன். எதச் சுத்திப் பாக்குறது?"

"ஒரு வேலைக்கு லாயக்கு இருக்கா உனக்கு?"

ஒன்பதே காலுக்கு அவன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். எதிரே பூட்டிய கேட். வாசலில் ஐஸ் டீ விற்றவள் சாவகாசமாகச் சொன்னாள்: "இது பழைய கட்டடம் சித்தி. மூணு வருஷமா புதுக் கட்டடத்துக்குப் போயிட்டாங்களே."

"எங்க இருக்கு?"

"நேராப் போயி, பாலம் தாண்டி, இடது பக்கம்."

பக்கத்தில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தவர், "இல்ல இல்ல, வலது பக்கம்" என்றார். லாட்டரிச் சீட்டுக்காரர் பாலமே வேண்டாம் என்றார். எங்கள் ஜனங்களிடம் இது ஒரு வியாதி. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பினால் மரியாதைக் குறைச்சல் என்று நினைத்து, தெரியாது என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லமாட்டார்கள். சிரித்த முகத்தோடு போகாத ஊருக்கு வழி சொல்வார்கள். ஊட்டும் ஊரில் அப்படித்தான் செய்வாள். இன்று மூன்று பேரையும் குளத்தில் அமுக்கலாம் போலிருந்தது.

எதிர்ப்பக்கம் போனால்தான் வண்டி கிடைக்கும். ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் ஆயிரம் மோட்டார் சைக்கிள். நிற்காமல் மெதுவாக நடந்தால் அவை தானாக விலகிப் போகும் என்று சின் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஊட் நடுவில் நின்றுவிட்டாள். சுற்றிலும் பிரேக், வசவு.

"சாவுறதுக்கு வேற ரோடு கிடைக்கலையா பெரியம்மா?"

"நீ வழிய விடுடா, நான் வேற எங்கயாவது போய்ச் சாவுறேன்!" என்று அவளும் கத்தினாள். கத்தியதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

இன்னொரு வண்டி பிடித்து, புதுக் கட்டடத்துக்குள் அவள் சொட்டச் சொட்ட நுழைந்தபோது பத்து நாற்பது. விசாரணை மேஜையில் முகமூடி போட்ட பெண்.

"நோயாளி பேரு?"

"சின்."

"சித்தி, எட்டாவதாப் பொறந்த எல்லாரும் சின்தான். என் மாமியாரும் சின்தான். அடையாள அட்டையில இருக்கிற பேரு சொல்லுங்க."

மூத்த பிள்ளையை 'இரண்டு' என்று கூப்பிட்டு எண்ணத் தொடங்குவதும், அதனால் எட்டாவது பிள்ளை 'ஒன்பது' என்று அர்த்தமுள்ள சின் ஆவதும், கடைக்குட்டியை எண்ணாமல் ஊட் என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தப் பெயரைக் கூப்பிடுவது அம்மா திட்டும்போது மட்டும்தான். அம்மா எப்படித் திட்டுவாள் என்று ஊட் யோசித்தாள்.

"டியெப். ஹுயின் தி டியெப்."

பெண் தட்டிப் பார்த்தாள். "அப்படி யாரும் இல்லையே. உங்க அட்டையக் கொடுங்க." வாங்கிப் பார்த்தவள் கண்ணைச் சுருக்கினாள். "சித்தி, டியெப்ங்கறது நீங்கதான?"

ஊட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. தையல் ஆலைக்கு ஆள் எடுத்த வருஷம் சின்னுக்கு இருபத்தொன்று, ஊட்டுக்குப் பதினேழு. இருபதுக்குக் கீழேதான் எடுப்பார்கள். சின் தங்கையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அவள் கையில் திணித்தாள். "தாமரை பறிக்கப் பேரு எதுக்குடி?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள்தான். அன்றிலிருந்து காகிதத்தில் அவள் இவள், இவள் அவள். ஊரில் யாரும் காகிதம் பார்த்துப் பேசுவதில்லை, அதனால் அது மறந்தே போயிற்று.

"லாய்னு பாரும்மா."

"அது யாரு?"

"அதுவும் நான்தான்... சீக்கிரம் பாரும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

நாலாவது மாடியில், அறுவை அரங்க வாசலில், தள்ளுகட்டிலில் சின் படுக்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கடுகடுவென்று நின்றாள்.

"வந்துட்டியா? ஆமைகூட இந்நேரம் வந்திருக்கும்!"

"நீ பேசாத! உன் ஊரு, உன் மழை, உன் பாழாப்போன ரோடு..." ஊட்டுக்கு மூச்சு வாங்கியது.

நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். "நீங்க நோயாளிக்கு என்ன உறவு?" என்று கேட்டுவிட்டு, அவளே அட்டையில் பிறந்த வருஷத்தைப் பார்த்து 'அக்கா' என்று எழுதிக்கொண்டாள். ஹுயின் தி லாய் என்பவளின் வயிற்றைக் கீறச் சம்மதம் என்று படிவம் சொன்னது. அம்மா தனக்கு வைத்த பெயரை ஊட் ஒருமுறை பார்த்தாள். இந்த நகரத்தில் நாற்பது வருஷம் சம்பளம் வாங்கிய, கல்யாணம் செய்துகொண்ட, சினிமா பார்த்த பெயர். அதன் கீழே டியெப் என்று கையெழுத்துப் போட்டாள்.

சின் அவள் ஈர மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஊட். உள்ள எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, லாய் செத்துட்டான்னுதான்டி எழுதுவாங்க. நல்லா உசுரோட இருக்கிறவ பேரு அது. உன்னக் கேக்காம அன்னிக்கு எடுத்துட்டுப் போனேன். இன்னிக்கும் கேக்காம எப்படி உள்ள போவேன்?"

அக்கா இப்படிப் பேசி ஊட் கேட்டதே இல்லை. காலையிலிருந்து சேர்ந்த ஆத்திரம்தான் வாய்க்கு வந்தது.

"கேட்டா மட்டும் கொடுத்துருவேனா? படுடி! படுத்து, ஒழுங்கா உசுரோட வெளிய வா. என் பேரு எனக்கு வேணும்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சின் சட்டென்று படுத்துக்கொண்டாள். மறுபேச்சு இல்லாமல் தங்கைக்கு அடங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.