அலோப் பாறை

போன மாதம் எங்கள் கம்பெனி வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. மஞ்சள் வெயிலில் ஒரு மலை, அதன் உச்சியில் கைகளை விரித்துக்கொண்டு ஒரு பெண். கீழே ‘ஈகிள் பீக் ட்ரெக், சொர்க்கத்துக்கு மிக அருகில்’ என்று போட்டிருந்தார்கள். எங்கேயோ பார்த்த மலையாக இருக்கிறதே என்று பெரிதாக்கிப் பார்த்தால், எங்கள் ஊர் மொட்டைமலை. நாகலாபுரத்துக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில் யாரும் சீந்தாமல் கிடந்த மலை. அதில் கழுகைப் பார்த்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. காக்கை உண்டு, அதுவும் யாராவது சோற்று மூட்டை கொண்டுபோனால்தான்.

கம்பெனி செலவில் இருபத்திரண்டு பேர் அங்கே ட்ரெக் போவதாக ஏற்பாடு. இது என் ஊர் மலை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருபத்திரண்டு பேருக்கும் சாப்பாடு உன் வீட்டில்தான் என்பார்கள், அது ஒரு காரணம். இன்னொரு காரணத்துக்கு மெல்ல வருகிறேன்.

அடிவாரத்தில் வேன் நின்றதும், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த கால்சட்டை போட்ட ஒருவன் வந்து எப்படி நடப்பது என்று கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். பிறந்து பத்தாவது மாதமே நான் பழகிய விஷயம் அது. ஆளுக்கொரு அலுமினியக் கம்பு கொடுத்தார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் முதுகில் தண்ணீர்ப் பையை மாட்டி, அதிலிருந்து வந்த குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தவர்போல நின்றார். இதெல்லாம் போகட்டும். கடைசியாக ஒரு துணிப்பையை நீட்டி எல்லோருடைய போனையும் அதில் போடச் சொன்னான். டிஜிட்டல் டீடாக்ஸாம். போன் இல்லாமல் மலை ஏறினால் மனம் சுத்தமாகிவிடுமாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எச்.ஆர். பெண் ஏன் சார் என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன்.

நீங்களே சொல்லுங்கள், நான் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? இந்த மலையில் நான் ஏறியதே போனுக்காகத்தான்.

பாதி ஏற்றத்தில் சுக்குநாறிப் புல் இருக்கிறது. செருப்புக்கடியில் நசுங்கினால் காரமாக ஒரு வாசனை வரும். மற்றவர்கள் மூச்சை இழுத்து ‘நேச்சர்’ என்றார்கள். எனக்கு அது சிக்னல் வாசனை. டிகிரி முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நேர்காணலுக்குப் போய்வந்து, ‘கூப்பிடுவோம்’ என்ற ஒரு வார்த்தையை நம்பித் தினமும் அந்தப் புல்லை மிதித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

எங்கள் ஊர் அப்போது சித்தூர் மாவட்டம். உட்கார்ந்த இடத்திலேயே இப்போது திருப்பதி மாவட்டமாகிவிட்டது. இருப்பது ஆந்திரா, பிழைப்பது தமிழ்நாடு, அதனால் எல்லோரிடமும் தமிழ்நாட்டு சிம். ஊருக்குள் எந்தச் சிக்னலும் கிடையாது. மலைமேல் மேற்குப் பக்கம் நின்றால் ஆந்திரா டவர் பிடிக்கும், ஆனால் அது ரோமிங். வருகிற காலுக்கும் பேலன்ஸ் வேண்டும், எங்கள் யாரிடமும் பேலன்ஸ் என்ற ஒன்று இருந்ததில்லை. உச்சிப் பாறையின் கிழக்கு ஓரத்தில் மட்டும், ஒரு ஆள் நிற்கிற இடத்தில், தமிழ்நாடு வந்தது. யாரோ அங்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவைத்திருந்தார்கள். வட்டத்துக்குள் நின்றால் அலோ, ஒரு அடி நகர்ந்தால் கட். அலோப் பாறை என்று பெயரே வந்துவிட்டது.

காலனியிலிருந்து கன்னியம்மா வருவார். அவர் வீட்டுக்காரர் சென்னையில் கட்டட வேலை. சனிக்கிழமை மதியம் மட்டும் மேஸ்திரி தன் போனைக் கொடுப்பார், அதில் அவர் பேசுவார். அந்தச் சனிக்கிழமை விட்டால் அடுத்த சனிக்கிழமைதான். நான் ஊர்ப்பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் தெருவில் கன்னியம்மா செருப்புப் போட்டு நடந்து நான் பார்த்ததில்லை. பாறையில் மட்டும் அவர் நின்ற அதே சுண்ணாம்பு வட்டத்தில் நான் நிற்பேன், நான் நின்ற இடத்தில் அவர் நிற்பார். அவர் பாட்டில் தண்ணீரையும் குடித்திருக்கிறேன். பெரிய புரட்சி என்று நினைத்துவிடாதீர்கள், தாகம்.

ஒரு சனிக்கிழமை எனக்கு நல்ல காய்ச்சல். இன்றைக்கென்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எப்படியோ ஏறிவிட்டேன். ஏறியதும் கண் இருட்டியது. போனைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பாறை நிழலில் படுத்தேன். அவர் கைக்கொரு போனாக வட்டத்தில் நின்றார். மணி அடித்தது என்னுடையது. அவர் எடுத்தார், பதறவில்லை.

“கட் பண்ணாதீங்க சார். இங்கயேதான் கீறாரு, தோ வந்துக்கினே கீறாரு.”

கையைப் பிடித்து இழுத்து என்னை வட்டத்தில் நிறுத்திவிட்டு, அவர் வெளியே சரிவில் இறங்கி நின்றார். நான் தலைசுற்றிப் பள்ளத்தில் விழுந்துவிடாமல் என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் “யெஸ் சார், யெஸ் சார்” என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அவ்வளவு நேரமும் அவர் போன் வட்டத்துக்கு வெளியே, செத்துக் கிடந்தது. அப்புறம் அவர் ஒரு மணி நேரம் வட்டத்தில் நின்று பார்த்தார். வீட்டுக்காரரிடமிருந்து கால் வரவில்லை.

“வுடு தம்பி. அது அடுத்த வாரம் பேசும். உனுக்கு வேல வந்துச்சில்ல.”

மறுநாள் காலை நான் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா எங்கள் வாசலுக்கு எட்டவே நின்று, காய்ச்சல் விட்டதா தம்பி என்று கேட்டார். அப்பா, எங்கள் ஊர்ப் பேச்சில் நைனா, மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“யார்ரா அது? உன்ன எப்டித் தெரியும் அவளுக்கு?”

“தெர்ல நைனா. வேற யாரையோ கேட்டுக்கினு கீறா போல.”

கன்னியம்மாவுக்குக் கேட்டது. காலனிப் பக்கம் திரும்பி நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் காய்ச்சலில் மலை ஏறத் தைரியம் இருந்தது, வாசலில் நின்று ‘எனக்குத் தெரிந்தவர்’ என்று சொல்ல இல்லை. ட்ரெக் கோஷ்டியைப் பார்த்துச் சிரித்தேனே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கேலிக்கு உரிய ஆள் நான்தான். மெல்ல வருகிறேன் என்ற அந்த இன்னொரு காரணம் இதுதான்.

ஒரு வருஷத்துக்குள் டவர் வந்துவிட்டது, அதுவும் எங்கள் கொல்லையிலேயே. அவரவர் வீட்டில், அவரவர் தெருவில் நின்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அலோப் பாறைக்குப் போக யாருக்கும் காரணம் இல்லை. நைனா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. கன்னியம்மா வீட்டுக்காரரோடு சென்னைப் பக்கமே போய்விட்டார் என்றார்கள், எந்த இடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

உச்சியில் நான் சுண்ணாம்பு வட்டத்தைத் தேடினேன். அந்த இடத்தில் ‘செல்ஃபி பாயிண்ட்’ என்று இரும்புப் பலகை நட்டிருக்கிறார்கள். பாக்கெட்காரன் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, மலை கற்றுக்கொடுத்ததைச் சொல்லச் சொன்னான். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தன்னையே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். எப்போது தொலைந்தாரோ, ஆபீஸில் தினமும் பார்க்கிறேன். என் முறை வந்தது. நான் கம்பு இல்லாமல் குறுக்குப் பாதையில் ஏறியதைக் கவனித்திருந்த எச்.ஆர். பெண், இந்தப் பக்கம் யாரையாவது தெரியுமா சார் என்று கேட்டாள்.

“தெரியும். கன்னியம்மான்னு ஒருத்தங்க. எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்தவங்க.”

“அப்படியா சார், எந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள். கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லாத இடத்தில் சொல்ல எனக்கும் வாய் நன்றாகத்தான் வந்தது.

கீழே இறங்கியதும் போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் முழுச் சிக்னல், யாரும் யாருக்கும் இடம் விட வேண்டியிருக்கவில்லை. என் போனிலும் நான்கு கோடு. கன்னியம்மாவின் நம்பர் அதில் இல்லை. வாங்கியிருந்தாலும், நைனா கண்ணில் படாமல் இருக்க அதை என்ன பெயரில் போட்டு வைத்திருப்பேனோ.