ரீடிங்காரரும் பத்து வாட் பல்பும்

முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர் அவர். தெரிந்தவர்களுக்கெல்லாம் ரீடிங்காரர். "மீட்டருக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது" என்பார். பில்லைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் அது. ஓய்வு பெற்ற பிறகு சண்டைக்கு வர ஆள் இல்லாததால் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பிள்ளைகள் வைத்த பெயர் வேனம்மா. இருவரும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, கேஸில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அதிலேயே குடியிருந்தபடி தோன்றிய இடத்துக்கெல்லாம் போனார்கள். ஓட்டுவது வேனம்மா. பக்கத்தில் உட்கார்ந்து வேகம், டீசல், இன்ஜின் சூடு மூன்றையும் சத்தமாக வாசிப்பது ரீடிங்காரர். அவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது.

"எனக்கும் கண்ணு இருக்குங்க" என்று வேனம்மா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

வேனம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் ஊசியில் அது கட்டுக்குள் இருந்தது. கோடை தொடங்கியதும் திடீரென்று ஏறியது. விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 260, 290, ஒருநாள் 310. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா வண்டி ஓட்டுறதையே நிறுத்திடணும்மா" என்றார்.

வண்டியை எடுத்துவிட்டால் வேனம்மாவிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ரீடிங்காரர் துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டார். மின்சாரம் திருடிய எத்தனையோ வீடுகளைக் கையும் களவுமாகப் பிடித்தவர், சொந்த வீட்டைச் சும்மா விடுவாரா? தலையணை உறை, பருப்பு டப்பா, ஸ்டெப்னி மூடி என்று ஒன்று விடாமல் தேடினார். ஒரு மிட்டாய்கூட அகப்படவில்லை. அகப்படாததே அவருக்கு அத்தாட்சியாகிவிட்டது.

"எங்கதான் ஒளிச்சு வச்சிருக்க?"

"சத்தியமா நான் எதையும் தின்னலைங்க."

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"

வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அவர். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா எனக்குத் தெரியாம இனிப்பு திங்கிறா, நீயாவது புத்தி சொல்லு" என்றார். மனைவி காதில் விழட்டும் என்றே சொன்னார்.

மூன்று வாரம் வண்டி ஒரு பார்க்கிங் மைதானத்தின் ஓரத்தில் அசையாமல் நின்றது. வேனம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஓடாத வண்டிக்குக் கூரையில் இருந்த சோலார் தகடு மட்டுமே கதி. அது ஏற்றுகிற சார்ஜ் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது. இருந்த விளக்குகள் எல்லாம் ஹாலஜன். வெளிச்சம் கொஞ்சம், சூடு அதிகம். அடுப்புக்கு மேலே இருந்த விளக்கின் பிளாஸ்டிக் மூடி சூட்டில் பழுப்பேறி வளைந்திருந்தது. எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றிவிடலாம் என்று ரீடிங்காரர் ஒரு பை நிறைய பல்பு வாங்கி வந்தார்.

முதல் பல்பு எரியவில்லை. "டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டினார்.

"திருப்பிப் போட்டுப் பாருங்களேன்" என்றார் வேனம்மா.

"பல்புல முன்னபின்ன ஏது? போட்டா எரியணும்."

ஹாலஜனுக்கு அப்படித்தான். அவர் வாங்கி வந்த எல்.இ.டி.க்கோ பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. வேறு வழியில்லாமல் திருப்பிச் செருகினார், பளிச்சென்று எரிந்தது. கடைக்காரர் தப்பித்தார். திட்டியதை ரீடிங்காரர் வாபஸ் வாங்கவில்லை.

கடைசியாக ஃப்ரிட்ஜ். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாக அதை யாரும் திறக்கவில்லை. கதவைத் திறந்து, உள்ளே இருந்த பத்து வாட் பல்பைப் பிடித்தவர், "ஆ!" என்று கையை உதறினார். விரல் சுட்டுவிட்டது.

உதறிய கை பாதியில் நின்றது. கதவைத் திறந்து அரை நிமிடம்கூட ஆகவில்லையே, அதற்குள் இவ்வளவு சூடு எப்படி வரும்? கதவோரத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். கதவை மூடும்போது அது அழுந்தி விளக்கு அணைய வேண்டும். அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூடிய பெட்டிக்குள் எத்தனை நாளாக எரிகிறதோ!

அந்த விளக்கை ஒட்டிய மேல்தட்டில்தான் இன்சுலின் இருந்தது. கோடை ஆரம்பத்தில் வாங்கிய மூன்று மாதத்து மருந்து. கீழ்த்தட்டில் பால் கெடவில்லை, காய் வாடவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருந்து அட்டையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாளும் அவள் உடம்பில் ஏறியது வெந்து வீணான மருந்து.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டி, நடந்ததைச் சொன்னார். வேனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அன்றே டாக்டரைப் பார்த்தார்கள். அவர் புது மருந்து எழுதி, கூட்டிய அளவைப் பழையபடி குறைத்தார். ஐந்தாம் நாள் காலையில் 138. ரீடிங்காரர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். வேனம்மா கையை நீட்டவில்லை.

"மொதல்ல மககிட்ட சொல்லுங்க. அன்னைக்கு என் காதுபடச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டார். பல்பில் ஆரம்பித்து, பொத்தான், வாட், மேல்தட்டு என்று சுற்றி வளைத்தார். "சரிப்பா, இப்ப அதுக்கு என்ன?" என்றாள் மகள்.

"உங்கம்மா எதையும் தின்னலை. மருந்துதான் கெட்டுப்போயிருந்துச்சு. அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா, நான்தான் நம்பலை."

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு ராத்திரி அம்மா எனக்குத் தனியா போன் பண்ணி அழுதாங்கப்பா. நீயாவது என்னை நம்புடின்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பரவாயில்லம்மா, போனது போகட்டும், இனிமே இனிப்பைத் தொடாதீங்கன்னு சொன்னேன்."