துத்தம் கலக்காத பசை

கிருஷ்ணன்கோவில் விலக்கில் கல்லூரி பஸ்கள் வரிசையாகத் திரும்பினால் என் தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எங்களை ஏற்றிப்போன வண்டியும் அப்படித்தான் ஊர் ஊராக வரும். தேவதானத்தில் விடியுமுன் ஹாரன் அடித்து, தூங்குகிற பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருந்த தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். அப்போது எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஏழு.

எங்களுக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. மைதா காய்ச்சிய பசை காலையில் வாளியில் சூடாக வரும். தாளுக்கு ஒரு விரல் தொட்டால் வாய்க்கு ஒரு விரல். தூக்குச்சட்டிக் கஞ்சி வண்டியிலேயே தீர்ந்துவிடும், வேறென்ன செய்ய? இதைக் கண்டுகொண்ட கணக்குப்பிள்ளை, பசையில் நீல விஷமான மயில்துத்தம் கலக்கச் சொன்னார். பூச்சி அரிக்காதாம். நாங்கள்தான் அந்தப் பூச்சி. தொடாதே என்று தங்கையிடம் எவ்வளவோ சொன்னேன். பசி கேட்குமா? நீலமாக வாந்தி எடுத்தாள். ஒட்டிக் காயவைத்த பெட்டிமேல் எடுத்ததற்காக அடியும் வாங்கினாள்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றதும் நான் இறங்கிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்துவிட்டு மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல்லெல்லாம் எங்களுக்குத் தெரியாது. உச்சி வெயில்வரை ஒருத்தியும் எழவில்லை. கைகள் மட்டும் சும்மா இருக்கத் தெரியாமல், உதிர்ந்த இலைகளைப் பெட்டித் தாள் மாதிரி மடித்துக்கொண்டே இருந்தன.

கணக்குப்பிள்ளை வந்து நின்றார். "ஏட்டி, என்னதான் வேணும் ஒங்களுக்கு? மொதலாளி வாராக, சட்டுனு சொல்லுங்க."

"பசையில துத்தம் போடாதிய, அண்ணாச்சி" என்றேன்.

"வேற?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அம்புட்டுத்தான்."

அவர் சிரித்தார். செத்த நேரத்தில் வெள்ளைவெளேரென்று புதுப் பசை வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்துக்கொண்டு உள்ளே ஓடினோம்.

இன்று அந்த ஆபீசும் இல்லை, அந்த வண்டியும் இல்லை. நல்லதுதான். ஆனால் சந்தோஷப்படக்கூட எனக்கு அலுப்பாக இருக்கிறது. தங்கைக்கு அடிக்கடி வயிறு வலிக்கும். போன வாரம் அவளை ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது பஸ்ஸில் திடீரென்று கேட்டாள்:

"அக்கா, அன்னைக்கிக் கணக்குப்பிள்ளை 'வேற?'ன்னு கேட்டாருல்ல. ஒரு வாய் சோறு கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருக்கலாம். அத்தனை பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தோம். ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.