கலசத்தில் எரிந்த கல்லூரிப் பணம்

ஒக்கலிபுரத்தில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். சில வருடங்களுக்கு முன் வரமகாலட்சுமி பூஜையன்று, நான் கல்லூரியில் சேரக் கட்டவேண்டிய நூறு ரூபாய் நோட்டுகளை அம்மா விசிறிபோல் மடித்துக் கலசத்துக்கு அலங்காரம் செய்தார். இங்கே பல வீடுகளில் அதுதான் வழக்கம். ஆரத்தி காட்டும்போது கற்பூரத் தீ நோட்டில் பற்றிக்கொண்டது. அணைப்பதற்குள் எல்லா நோட்டும் ஓரம் கருகிவிட்டன.

"லட்சுமியே எடுத்துக்கிட்டா. தூக்கிப் போடு," என்றார் பக்கத்து வீட்டு மேரி அக்கா. அம்மா அழுதுகொண்டே சோற்றுப் பருக்கையால் துண்டுகளை ஒட்டப் போனார்.

"ஒட்டாதம்மா! தொட்டா இன்னும் உதிரும். பேங்குல மாத்தித் தருவாங்க, நான் படிச்சிருக்கேன்," என்று தடுத்தேன்.

நோட்டுகளை அப்படியே புடவைப் பெட்டியில் பரப்பி எடுத்துப் போனேன். எங்கள் தெரு வங்கியில், "எரிஞ்சது இங்க ஆகாதும்மா. நோட்டு வெளியிடுற பெரிய பேங்குக்குப் போ," என்றார்கள். போனேன். வரிசையில் நின்றேன். அதிகாரி ஒவ்வொரு நோட்டிலும் மிஞ்சிய பரப்பை அளந்தார். பெரும்பகுதி எரிந்துபோன இரண்டு மட்டும் செல்லவில்லை. மற்றவற்றுக்குப் புது நோட்டு கிடைத்தது. குறைந்ததை மேரி அக்காவே கொடுத்தார். மறுநாள் கல்லூரியில் சேர்ந்தேன்.

இப்போது எங்கள் கலசத்துக்குப் புளி போட்டுத் தேய்த்த நாணயங்கள்தான் அலங்காரம்.

"என்னடி, லட்சுமிக்குச் சில்லறையா?" என்று மேரி அக்கா கேலி செய்வார்.

"சில்லறை எரியாதுக்கா," என்பேன்.