தயிர்சாதம் வேண்டாத நாய்

நாயைத் தேர்ந்தெடுத்த அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அம்மாவின் தம்பியான மாமா இருந்தார், நான் இருந்தேன். அக்கா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கலியாணத்துக்கு வளர்ந்த பெண் முற்றத்துக்கு வரக்கூடாது என்பதால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாடியில் குடியிருந்த வீட்டுக்கார பாபு இல்லை. தம் பெண்ணுக்கு வரன் பேசப் போயிருந்தார். முற்றம் அவருடையது, நாய் கட்டப் போகிறோம் என்று அவருக்குப் பிறகுதான் சொன்னோம்.

கல்கத்தாவில், பவானிப்பூர்ச் சந்து ஒன்றில், அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு இரண்டு அறைகள். அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சாக்குக் கிடங்கில் மேஸ்திரி. திருநெல்வேலிச் சைவர், கையெழுத்துக்கு மேல் ஓர் எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அப்பா மிச்சம் பிடித்ததெல்லாம் அக்காவின் கலியாணத்துக்கென்று ஒரு தகரப் பெட்டியில் இருந்தது: சங்கிலி, வளையல்கள், கொஞ்சம் ரூபாய். அந்த மழைக்காலத்தில் எங்கள் சந்தில் திருடன் புகுந்தான். அன்றிலிருந்து அம்மா அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

கிடங்கு துரை சீமைக்குத் திரும்பும் சமயம் அது. தம் நாய்களில் ஒன்றை அப்பாவுக்கு இனாமாகத் தருவதாகச் சொன்னார். இரண்டையும் கொண்டுபோய்ப் பார், வேண்டாததை மாலைக்குள் திருப்பிவிடு என்பது ஏற்பாடு. ஒன்று மாஸ்டிப் என்ற பெரிய ஜாதி. கன்றுக்குட்டி உயரம், தொங்கும் தாடை, ஓயாத எச்சில். மற்றது டெரியர் என்ற சின்ன ஜாதி. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு.

"பெரிசுதான் அத்தான் நமக்கு. பாத்த உடனே கள்ளன் வேட்டியை விட்டுட்டு ஓடிருவான்" என்றார் மாமா.

"அது படுத்தா நாம எங்கல படுக்க?" என்றாள் அம்மா.

"மாறி மாறி நின்னுக்கிடுவோம்."

"சின்னது கடிக்குமா?" என்று கேட்டார் அப்பா.

"கடிக்கும் அத்தான். கள்ளன் கொஞ்சம் குனிஞ்சு குடுக்கணும்."

அம்மாவுக்கு விளையாட்டுப் பேச்சு பிடிக்காது. நம் வீட்டுச் சோற்றை எது எப்படித் தின்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று இரண்டு சட்டிகளில் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். மாஸ்டிப் தலை நிமிராமல் தின்று, சட்டியை நக்கி, வெறும் சட்டியை முற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போயிற்று. டெரியர் ஒருதரம் முகர்ந்தது. பிறகு இரண்டடி தள்ளிப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

"பாத்தியளா, எப்படி ஒதுங்கி இருக்குன்னு. நல்ல குடியில பிறந்தது. மத்தது நம்மளையும் சேத்துத் தின்னுரும்" என்றாள் அம்மா.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னாள்: "அதுக்கு நம்ம சோறு பிடிக்கலையோ என்னமோ."

"நீ சும்மா கிட."

அப்பாவும், குறைவாகத் தின்னும் நாய்தான் நம் வருமானத்துக்குச் சரி என்றார். மாஸ்டிப் அன்று சாயங்காலமே திரும்பிப் போயிற்று. போகும்போதும் அந்தச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டு போனது.

டெரியருக்கு நாளும் தயிர்சாதம் வைப்பார்கள். சாதம் அப்படியே இருக்கும், காக்கைகள் தின்னும். ஆனால் நாய் கொழுத்துக்கொண்டே வந்தது. அம்மா அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, எல்லாம் இதனால்தான் என்றாள். மாடி வீட்டு அடுக்களையிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் செதிலும் குடலுமாக எந்த வழியாக முற்றத்துக்கு இறங்குகிறது என்று அவள் யோசித்ததில்லை. மீன் நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிற வீடு எங்களுடையது.

தை பிறந்ததும் மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம் குதிர்ந்தது. அவளை நான் அவர்கள் பாஷையில் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன்; எங்கள் அக்கா வயதுதான். கலியாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து மஞ்சளும் சீர்த்தட்டுகளும் வரும். அவற்றில் ஒரு பெரிய மீனும் உண்டு. அதற்குச் சிவப்புத்துணி உடுத்தி, மூக்குத்தி போட்டு, வாயில் வெற்றிலை வைத்து, மணப்பெண்ணைப் போலவே சோடித்து அனுப்புவார்கள். சங்கு ஊதினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், தட்டுகளை வரிசையாக முற்றத்தில் இறக்கினார்கள். மாமா அன்று நாயின் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் கட்டியிருந்தார். அது அறுந்தது.

நாய் மற்ற எதையும் தொடவில்லை. மீனைக் கவ்வி, சிவப்புத்துணி தரையில் இழுபட, எங்கள் அடுக்களைக்குள் கொண்டுபோய் அக்காவின் காலடியில் போட்டுவிட்டு வாலாட்டியது. அம்மா போட்ட சத்தத்தில் குலவை நின்றது. தட்டுகளோடு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டு நாவிதன் யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. நாய் வாய்வைத்த சீர் அபசகுனம், குலத்துக்கு அவமானம். மீனுக்கு நான்கு ரூபாயும் பரிகாரமாக முந்நூறு ரூபாயும் வைத்தால் மாப்பிள்ளை புறப்படுவார்.

பாபு எங்கள் அறைக்கு வந்ததே கிடையாது. அன்று வந்து தரையில் உட்கார்ந்து, ஐயா என்பதற்கு அவர்கள் சொல்லும் மொஷாய் போட்டு அப்பாவைக் கூப்பிட்டார். "பிள்ளை மொஷாய், நாய் உங்களுடையது. பெண் என்னுடையது" என்று இந்தியில் சொல்லிவிட்டு அழுதார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அந்தப் பிள்ளையும் நம்ம பிள்ளை மாதிரிதான்" என்று சொல்லிப் பெட்டியை விட்டு எழுந்தாள். ரூபாய் போதவில்லை. சங்கிலியையும் வளையல்களையும் மாமா சேட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். அக்கா அடுக்களையைச் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். நாயை ஒரு கப்பல் சமையற்காரனுக்குக் கொடுத்துவிட்டதாக மாமா பிறகு சொன்னார்.

தீதியின் கலியாணம் நடந்தது. அக்காவுக்குப் பெட்டியில் மறுபடி ஒன்றும் சேரவில்லை. தூத்துக்குடியில் மனைவி இறந்த ஒருவருக்கு, நகை கேட்காதவர் என்ற ஒரே தகுதிக்காக, அவளைக் கொடுத்தார்கள். அவருடைய மூத்த மகன் அக்காவைவிடச் சின்னவன், கொஞ்சந்தான்.

அப்பா அம்மாவுக்கு வங்காளி பாஷை தெரியாது. சந்துப் பிள்ளைகளோடு விளையாடி எனக்கு நன்றாகத் தெரியும். மீன் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாப்பிள்ளையின் சித்தப்பா மாடிக்கு வந்து, பேசிய தொகையில் முந்நூறு குறைகிறது, குறைந்தால் பையன் வரமாட்டான் என்று கத்துவார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் சண்டை என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாபு எங்கள் தரையில் உட்கார்ந்து அழுதபோதும் தோன்றவில்லை. அவர் அழுகை உண்மைதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நாய் அன்று மீனைத் தொடாமல் இருந்திருந்தால் அவர் யாரிடம் போய் உட்கார்ந்திருப்பார் என்று இப்போது கேட்கத் தெரிகிறது.

இனாமாக வந்த நாய். அதற்கு எங்களுக்கு ஆன செலவு முந்நூற்று நான்கு ரூபாய். அதில் மீனின் விலை நான்கு.